மறைந்த மாளிகை வந்த வழி

என் ராத்தாவின் மகனுக்கும் அவனுடைய கூட்டாளிக்கும் இடையில் சில மாதங்களாக ஒரு வழக்கு நடக்கிறது. காணிப் பிரச்சினையுமல்ல, கொடுக்கல் வாங்கலுமல்ல. இருவரும் பிறப்பதற்கு முன்னரே வெளிவந்த ஒரு வீடியோ விளையாட்டின் முற்றுப்பெறாத பிரதியொன்று, அதை ஆக்கிய கம்பனியின் கையைவிட்டு எப்படி வெளியே போனது, இணையத்தில் முதன்முதலில் எப்படித் தலைகாட்டியது என்பதே வழக்கின் பொருள். இருவரும் படித்தவர்கள், கணினித் துறையில் தொழில் பார்ப்பவர்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் தேநீர் ஆறிப்போகும்வரை இதைத்தான் பேசுகிறார்கள். "இதுக்கெல்லாமா உங்களுக்கு நேரம் கிடக்கு" என்று ராத்தா அலுத்துக்கொள்வார்.

நான் வரலாறும் தமிழும் படிப்பிக்கிறவன். சான்று, மூலம், காலவரிசை என்று வகுப்பில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பவன். அதனால் மத்தியஸ்தம் என் தலையில் வந்து விழுந்தது. "மாமா, நீங்க விளையாடத் தேவையில்ல. யார் சொல்றது சரி எண்டு மட்டும் சொல்லுங்க" என்றான் மருமகன். அவர்களிடம் கேட்டும், அவர்கள் காட்டியவற்றைப் படித்தும் பார்த்தபோது, இலக்கியத்தோடு சம்பந்தப்பட்ட நாமும் யோசிக்க வேண்டிய சங்கதிகள் இதற்குள் இருப்பதாக எனக்குப் பட்டது. அந்த யோசனை எனக்கு அவசரமாகவும் தேவைப்பட்டது. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

*

முதலில் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். செகா என்ற ஜப்பானியக் கம்பனி 1991இல் சொனிக் என்ற நீல நிற முள்ளெலியை நாயகனாக வைத்து ஒரு விளையாட்டை வெளியிட்டது. மெகா ட்ரைவ் என்ற தனது இயந்திரத்துக்காக அது ஆக்கிய விளையாட்டு அது. பிள்ளைகள் மத்தியில் பெரும் வரவேற்பு. அதே ஆண்டு நவம்பரில் இரண்டாம் பாகத்துக்கான வேலை தொடங்கியது. கலிபோர்னியாவில் செகா நடத்திய கூடமொன்றில் ஜப்பானியரும் அமெரிக்கரும் சேர்ந்து வேலை செய்தார்கள். ஓராண்டில் முடித்து 1992 நவம்பர் 24ஆந் திகதி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடைக்கு அனுப்பினார்கள். ஜப்பானில் அதற்கு மூன்று நாள் முந்தியே வந்துவிட்டது.

விளையாட்டு வெளிவருமுன்பே சஞ்சிகைகளில் அதன் படங்கள் வந்தன. அவற்றுள் சில, கடைக்கு வந்த விளையாட்டில் இல்லாத இடங்களைக் காட்டின. நிலத்தடியில் மணிகள் ஒளிரும் ஒரு குகை அவற்றில் முக்கியமானது. அதன் பெயர் ஹிடன் பேலஸ். மறைந்த மாளிகை என்று நாம் சொல்லலாம். விளையாட்டை வாங்கிய பிள்ளைகள் அந்த மாளிகையைத் தேடினார்கள். சரியான இடத்தில் குதித்தால் கதவு திறக்கும் என்றும், எல்லா மணிகளையும் சேர்த்தால் வழி தெரியும் என்றும் ஆளுக்கொரு கதை. உண்மையில் அந்த இடம் கடைசி நேரத்தில் வெட்டப்பட்டிருந்தது. வெட்டியவர்கள் முற்றாகத் துடைத்துவிடவில்லை. இறுதி விளையாட்டின் ஓசைப் பட்டியலில் ஓர் எண்ணை அழுத்தினால், விளையாட்டில் எங்குமே ஒலிக்காத ஓர் இசை ஒலிக்கும். அது அந்த மாளிகைக்கென அமைத்த இசை என்று சொல்வார்கள். வீடு இல்லை, வீட்டுக்கான பாட்டு மட்டும் மிஞ்சியிருந்தது.

அப்படித் தேடிய பிள்ளைகளில் ஒருவர் வளர்ந்து இளைஞரானார். 1999இல் ஒரு சீன இணையத்தளத்தில் சொனிக் இரண்டாம் பாகம் என்ற பெயரில் கிடந்த கோப்பொன்றை இறக்கி, கணினியில் ஓடவிட்டுப் பார்த்தார். கடையில் விற்ற விளையாட்டு அதுவல்ல என்று அவருக்கு விளங்கிவிட்டது. உள்ளே மறைந்த மாளிகை அரைகுறையாக இருந்தது. காடுபோன்ற இன்னோர் இடமும் இருந்தது. பட்டியலில் சில இடங்களுக்கு வேறு பெயர்கள். கடைக்கு வந்தபோது 'மிஸ்டிக் கேவ்' என்றிருந்தது இங்கே 'டஸ்ட் ஹில்' என்றிருந்தது. சில இடங்களுக்குப் பெயர் மட்டும் உண்டு, உள்ளே போனால் ஒன்றுமில்லை. வேலை நடந்துகொண்டிருந்த காலத்து முன்மாதிரி அது. இன்றுவரை அந்தப் பிரதி கண்டெடுத்த அந்த இளைஞரின் பெயராலேயே வழங்கிவருகிறது.

*

இனி வழக்கு. மருமகனுடைய கட்சி இது: "அது நியூயோர்க்கில களவு போன கார்ட்ரிட்ஜ். ஆக்கின ஆக்களே சொல்லியிருக்காங்க. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" அவன் சொல்வதில் ஆதாரம் உண்டு. 1992இல் நியூயோர்க்கில் நடந்த ஒரு பொம்மைக் கண்காட்சியில் காட்சிக்கு வைத்திருந்த கார்ட்ரிட்ஜ் ஒன்று திருடப்பட்டதாகவும், தேடியும் கிடைக்கவில்லையென்றும், வெளியே உலாவுகின்ற பிரதி அதிலிருந்து வந்ததாக இருக்கலாமென்றும் ஆக்கியவர்கள் தரப்பிலிருந்து பின்னாளில் செய்தி வந்தது.

கூட்டாளி இதை ஏற்கவில்லை. "சேர், இதே பிரதி கள்ளக் கார்ட்ரிட்ஜுகள்ளயும் இருந்திருக்கு. காசுக்கு வித்திருக்காங்க. அதில இருந்துதான் நெட்டுக்குப் போயிருக்கு. கண்காட்சிக் கதை கம்பனி சொல்ற கதை" என்பது அவனுடைய கட்சி. அவன் சொல்வதற்கும் ஆதாரம் உண்டு. முன்மாதிரி வெளிப்பட்ட பின், அதே பிரதியை உள்ளே கொண்ட கள்ளக் கார்ட்ரிட்ஜுகள் அடையாளம் காணப்பட்டன. முழு விளையாட்டென்று நம்பி அரைகுறையை வாங்கிச்சென்ற பிள்ளைகள் எங்கோ இருந்திருக்கிறார்கள்.

இரண்டு பக்கத்தையும் கேட்டு முடித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இருவரும் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பதில் சொன்னது இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு. களவுபோனது கள்ளச்சந்தைக்குப் போவதில் அதிசயம் என்ன? 'முதலில்' என்ற ஒரு சொல்லுக்குள் பல முதல்கள் ஒளிந்திருந்தன. அவற்றைப் பிரித்துத் தரம் பத்துப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுவதுபோல் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தேன்.

கம்பனியின் கையைவிட்டுப் பொருள் போனது ஒரு முதல். கார்ட்ரிட்ஜுக்குள் இருந்தது கோப்பாக மாறியது இன்னொரு முதல். அது விலைக்கு விற்கப்பட்டது மூன்றாவது. வலையமைப்பொன்றில் ஏற்றப்பட்டது நான்காவது. இது இன்னதென்று ஒருவர் அடையாளங் கண்டு ஊருக்குச் சொன்னது ஐந்தாவது. இந்த ஐந்தில் நாளும் பேரும் உருப்படியாகத் தெரிந்தது ஐந்தாவது மட்டுமே. அதன் வெளிச்சம் அதிகமாக இருப்பதால், மற்ற நான்கும் அதற்குள் கரைந்துவிடுகின்றன. 1999இல் இணையத்தில் தோன்றியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். 1999இல் தெரியவந்தது என்று எழுதினால் சரியாக இருக்கும்.

*

மருமகன் விடவில்லை. "அப்ப களவு உண்மை எண்டு ஒத்துக்கொள்றீங்கதானே மாமா?" என்றான். களவு நடந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சாட்சி எதற்குச் சாட்சி என்று பார்க்க வேண்டும். தொலைத்தவனுக்குத் தொலைந்தது தெரியும், தேடியது தெரியும். எடுத்தவன் அதை எங்கே கொண்டுபோனான், யாருக்கு விற்றான் என்பது தொலைத்தவனுக்குத் தெரியாது. ஆகவே 'ஒரு கார்ட்ரிட்ஜ் காணாமற்போனது' என்ற பகுதிக்கு ஆக்கியவர்கள் தரமான சாட்சி. 'இணையத்தில் கிடப்பது அதன் பிரதிதான்' என்ற பகுதிக்கு அவர்களும் நம்மைப்போல் ஊகிப்பவர்களே.

அடுத்தது காலம். நியூயோர்க்கில் பேர்போன பொம்மைக் கண்காட்சி அந்நாட்களில் ஆண்டுதோறும் பெப்ரவரியில் நடப்பது. சொனிக் இரண்டாம் பாகத்தின் வேலை தொடங்கியது 1991 நவம்பரில். பெப்ரவரியில் அதற்கு மூன்று மாத வயது. சீனத் தளத்தில் கிடைத்த பிரதியோ அதைவிட நன்றாக வளர்ந்த பிள்ளை.

இந்த வயதைக் கணிக்க ஒரு துணைச் சான்றும் உண்டு. 1992இல் அமெரிக்காவில் 'நிக் ஆர்கேட்' என்றொரு தொலைக்காட்சிப் போட்டி ஒளிபரப்பானது. அதில் பிள்ளைகளை விளையாடவிட்ட விளையாட்டுகளில், அப்போது வெளிவராத சொனிக் இரண்டாம் பாகமும் இருந்தது. அந்தப் பிரதி 2006இல் வெளிப்பட்டது. அதில் முதலாம் பாகத்தின் எச்சங்கள் நிறைய. சீனத் தளப் பிரதியைவிட அது மூத்தது என்பதை ஒப்பிட்டவர்கள் காட்டினார்கள். மறுபக்கத்தில், 1992 செப்டெம்பர் நாளிட்ட முன்மாதிரிகள் 2008இல் ஒரு பெருந்தொகுதியாக வெளிவந்தன. அவை ஏறத்தாழ முடிந்த நிலையில் உள்ளவை. நமது பிரதி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எழுத்தாளர் ஒருவரின் மூன்று கையெழுத்துப் பிரதிகளை வைத்து எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்துவதைப் போன்றதே இது. திருத்தம் எந்தத் திசையில் போகிறது என்று பார்த்தால் போதும்.

அப்படியானால், களவுபோனது பெப்ரவரிக் கண்காட்சியில் என்றால், களவுபோன கார்ட்ரிட்ஜும் கிடைத்த பிரதியும் ஒன்றாக இருப்பது கடினம். வேறொரு காட்சியில் களவுபோயிருக்கலாம். 'பொம்மைக் கண்காட்சி' என்பது பல வருடங்களுக்குப் பின் நினைவு வைத்துக்கொண்ட பெயராக இருக்கலாம். அல்லது களவும் உண்மை, கிடைத்த பிரதி வேறொரு கார்ட்ரிட்ஜிலிருந்து வந்தது என்பதும் உண்மையாக இருக்கலாம். அந்தக் காலத்தில் முன்மாதிரிகளை ஒன்றுக்கு மேற்பட்ட சில்லுகளில் எழுதிச் சஞ்சிகைகளுக்கும் விற்பனைப் பிரிவுக்கும் கொடுப்பது வழக்கம். ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டு பேசுவதால்தான் ஒரே ஒரு கள்வனைத் தேடுகிறோம்.

கூட்டாளியின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, சேர் என்ட பக்கம்" என்றான். அவனையும் நிறுத்த வேண்டியிருந்தது. கள்ளக் கார்ட்ரிட்ஜில் அதே பிரதி இருப்பது, கோப்பு அதிலிருந்து வந்தது என்பதற்குச் சான்றாகாது. இரண்டும் மூன்றாவது ஒன்றிலிருந்து வந்திருக்கலாம். அக்காலத்தில் கிழக்காசியச் சந்தைகளில் பிரதியெடுக்கும் பெட்டிகள் விற்பனையாயின. கார்ட்ரிட்ஜைச் செருகினால் உள்ளே இருப்பதை அப்படியே நெகிழ்வட்டில் எழுதிவிடும். சொனிக் இரண்டாம் பாகம் முழுவதும் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிற விளையாட்டு. 1.44 மெகாபைட் நெகிழ்வட்டு ஒன்றில் வைத்தாலும் இடம் மிஞ்சும். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படம் அதைவிடப் பெரிது. சட்டைப் பைக்குள் போகும் பொருளுக்கு ஒரு வழிதான் இருந்திருக்கும் என்று யார் சொல்ல முடியும்? நெகிழ்வட்டிலிருந்து கள்ளக் கார்ட்ரிட்ஜுக்கும் போகலாம், கணினிக்கும் போகலாம்.

'இணையத்தில் முதலில்' என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப்பார்க்க வேண்டும். 1992இல் நாம் இன்று இணையம் என்று நினைக்கின்ற பக்கங்களே பொதுமக்களுக்கு எட்டியிருக்கவில்லை. உலகளாவிய வலையின் நுட்பத்தை சேர்ன் ஆய்வுகூடம் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது 1993 ஏப்ரலில்தான். அதற்கு முன் இருந்தவை தொலைபேசி இணைப்பில் கணினியைக் கணினியோடு பேசவைக்கும் அறிவிப்புப் பலகைகள். 2400 வேக மொடத்தில் ஒரு மெகாபைட் வந்துசேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும்; 14,400 வேகத்தில் பன்னிரண்டு நிமிடமளவில். ஆகவே, அப்போதே ஒருவர் இந்தக் கோப்பைத் தொலைபேசிக் கம்பியில் அனுப்பியிருக்க முடியாதென்று எவரும் சொல்ல முடியாது. மெகா ட்ரைவை வீட்டுக் கணினியில் போலச்செய்து ஓட்டும் மென்பொருட்கள் பரவலாகி, விளையாடுவதற்கு இயந்திரமே தேவையில்லை என்றானது 1997ஐ ஒட்டிய காலம். அதன்பிறகு இத்தகைய கோப்புகளுக்கு மதிப்பு வந்தது. பழைய நெகிழ்வட்டுகள் கிளறப்பட்டன. 1999இல் அது கண்ணில் பட்டதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

"கோப்பிலேயே திகதி இருக்குமே சேர்?" என்றான் கூட்டாளி. இருக்கும். ஆனால் கோப்பின் திகதி, அதைக் கடைசியாக எழுதிய கணினியின் கடிகாரம் சொன்னது. கார்ட்ரிட்ஜின் தலைப்பகுதியில் உள்ள திகதி, ஆக்கியவர் தட்டச்சுச் செய்தது; அவர் மாற்ற மறந்தால் பழைய திகதி அப்படியே இருக்கும். பிரதியெடுக்கும் பெட்டிகளில் ஒருவகை, பதினாறு கிலோபைட் துண்டங்களாக வெட்டி, ஒற்றையையும் இரட்டையையும் பிரித்து எழுதும். அந்த வடிவில் ஒரு கோப்பு கிடைத்தால் அது பெட்டிவழி வந்ததென்று ஊகிக்கலாம். ஆனால் அதை நேராக்குவது சில நொடி வேலை. நேராக்கியபின் தடயமே இராது. 1990களின் சொந்தப் பக்கங்கள் பெரும்பாலும் அழிந்துபோயின. இலட்சக்கணக்கான பக்கங்களுக்கு இடங்கொடுத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. எரிந்த வீட்டில் வாசல் எங்கே இருந்தது என்று கேட்பதைப்போல் ஆகிவிடுகிறது சில கேள்விகள்.

*

கள்வன் பிடிபட்டால் எல்லாம் துலங்கிவிடும் என்று இருவரும் நம்பினார்கள். அதற்கும் அவர்களுடைய உலகத்திலேயே ஓர் உதாரணம் கிடைத்தது. 'ஹாஃப் லைஃப் 2' என்ற விளையாட்டு 2003 செப்டெம்பர் 30ஆந் திகதி வருமென்று அறிவித்திருந்தார்கள். விளையாட்டு வெளிவருமுன்பே அதன் மூல நிரல் இணையத்தில் வெளியாகிவிட்டது. ஒக்டோபர் 2ஆந் திகதி, வால்வ் கம்பனியின் தலைவர் கேப் நியூவெல் அது தங்களுடையதுதான் என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, துப்புத் தருமாறு விளையாடுவோரிடமே கேட்டார். சொனிக் கதையில் கேட்க முடியாத கேள்விகளை இங்கே கேட்க முடிந்தது. அடுத்த வருடம் ஜேர்மனிய இளைஞர் ஒருவர் தானே கம்பனிக்கு எழுதினார். பின்னர் கைதாகி, இரண்டு வருட ஒத்திவைத்த தண்டனை பெற்றார். விளையாட்டு 2004 நவம்பர் 16இல் வந்தது.

உள்ளே நுழைந்தது தான் என்று அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் இணையத்தில் போட்டது தானல்ல, தன்னிடமிருந்து பெற்ற இன்னொருவர் என்று பின்னாளில் சொன்னார். அவர் சொல்வதை நம்புவதும் நம்பாததும் வேறு விடயம். கள்வனே வந்து நின்றாலும், எடுத்த முதலும் ஏற்றிய முதலும் இரண்டாகத்தான் நிற்கின்றன என்பதை இருவரும் இங்கே ஏற்றுக்கொண்டார்கள். அந்த வாரம் ராத்தா வீட்டில் தேநீர் சூடாகவே குடிக்கப்பட்டது.

*

இந்த யோசனை எனக்கு அவசரமாகத் தேவைப்பட்டதன் காரணத்தை இப்போது சொல்கிறேன். எங்கள் ஊரில் ஆசிரியராக இருந்து காலமான கவிஞர் ஒருவருக்கு நினைவு மலர் கொண்டுவருகிறோம். தொகுக்கும் பொறுப்பு என்னிடம். கலாசாலையில் எனக்கு மூத்த அணியில் படித்தவர் அவர். அவருடைய பேர்பெற்ற கவிதையொன்றில் இல்லாத எட்டு வரிகள் இப்போது ஊரில் உலாவுகின்றன. அவருடைய கையெழுத்தில், குறுக்கே கோடு கிழித்து வெட்டிய எட்டு வரிகள். நிழற்பிரதியின் நிழற்பிரதியாக, ஓரம் கறுத்துப்போய்ச் சுற்றுகின்றன. நல்ல வரிகள். யாரையோ மனதில் வைத்து எழுதிய கோப வரிகள் என்று வாசித்தவுடன் தெரியும். மலரில் அதைப் போடவேண்டுமென்று நண்பர்கள் சிலர் நிற்கிறார்கள்.

அந்தப் பக்கம் எப்படி வெளியே வந்தது என்பதிலும் இரண்டு கட்சி. அச்சகத்துக்குக் கொடுத்த கட்டில் தவறிப்போய்ச் சேர்ந்திருந்தது என்கிறார் ஒருவர். அவர் சுகவீனமாக இருந்தபோது வீட்டுக்கு வந்துபோன மாணவர் ஒருவர் எடுத்தார் என்கிறார் இன்னொருவர். கவிஞரே ஒரு நண்பருக்குக் கொடுத்தார் என்று மூன்றாவதொரு கதை அண்மையில் புறப்பட்டிருக்கிறது. மூன்றாவது கதை பிறந்த காலத்தைப் பார்த்தால், மலரில் போடுவதா விடுவதா என்ற பேச்சு எழுந்தபின் பிறந்ததாகத் தெரிகிறது. வந்த வழி நல்லதென்று ஆகிவிட்டால் அச்சிடுவது சுலபம். வழியைப் பற்றிய வாதத்துக்குள் பெரும்பாலும் அனுமதியைப் பற்றிய வாதம் ஒளிந்திருக்கிறது. முன்மாதிரி விடயத்திலும் அப்படித்தான். களவு என்றால் கையில் வைத்திருப்பவனுக்குக் கொஞ்சம் கூச்சம். சந்தையில் விற்றது என்றால் கூச்சம் குறைவு. இணையத்தில் கிடந்தது என்றால் கூச்சமே இல்லை.

கவிஞரின் மனைவியிடம் போய்க் கேட்டேன். நிழற்பிரதியைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அவர் வெட்டினத்த நீங்க ஏன் தம்பி ஒட்டுறீங்க?" என்று கேட்டார். கோபமில்லை, உண்மையாகவே கேட்டார். என்னிடம் உடனே பதிலிருக்கவில்லை.

வெட்டிய பகுதிகளைப் பார்க்க விரும்பும் ஆசையை நான் பழிக்க மாட்டேன். இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளின் கட்டுரை திருத்துகிறேன். துப்புரவாக எழுதிக்கொண்டுவரும் கொப்பியைவிட, அடித்துத் திருத்திய கொப்பியில்தான் பிள்ளை யோசித்தது தெரியும். சொனிக்கின் முன்மாதிரியைப் பார்த்துத்தான் பலர் ஒரு விளையாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்று கற்றுக்கொண்டார்கள். எதை ஏன் விட்டார்கள், எந்தப் பெயர் எப்படி மாறியது என்று ஒருபோதும் வெளிவந்திராத கதை அதனால் வெளிவந்தது. அதே நேரம், அந்த அரைகுறையில் தெரியும் ஒவ்வொரு பிழையும் ஒருவருடைய வேலை மேசையிலிருந்து எடுக்கப்பட்டது. அவர் அதைக் காட்ட விரும்பியிருக்கவில்லை. இந்த இரண்டும் சேர்ந்தே உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க முடியாது.

இந்தக் கதைக்கு 2013இல் ஒரு முடிவு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் செகா, கைத்தொலைபேசிகளுக்காகச் சொனிக் இரண்டாம் பாகத்தைப் புதுப்பித்து வெளியிட்டது. அதில் மறைந்த மாளிகை முழுமையாகக் கட்டப்பட்டு இருந்தது. கட்டியவர்கள், முன்பு ரசிகர்களாக இருந்து அந்த விளையாட்டைக் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்டவர்கள். வெட்டப்பட்டு இருபத்தொரு வருடத்தின் பின், வெட்டிய கம்பனியின் சம்மதத்தோடு ஒட்டப்பட்டது. அதற்குச் சம்மதிக்க அங்கே ஆள் இருந்தார்கள். எங்கள் கவிஞர் இல்லை.

ஆகவே மலரில் அந்த எட்டு வரிகள் வராது. கவிதை, அவர் அச்சுக்குக் கொடுத்த வடிவிலேயே வரும். நண்பர்களுக்கு இது திருப்தியில்லை என்று தெரியும். ஆனால் நிழற்பிரதியைக் கிழித்தெறியவும் நான் சம்மதிக்கவில்லை. கவிஞரின் மனைவியோடு பேசி, அதை மூலக் கொப்பியோடு சேர்த்து அவர் வீட்டிலேயே ஒரு கடித உறையில் வைப்பதென்று முடிவாயிற்று. அதோடு ஒரு குறிப்பும் இருக்கும். என் கைக்கு வந்த நாள், தந்தவர், அவருக்குக் கிடைத்ததாக அவர் சொன்ன நாள் என்று தெரிந்த படிகளை மட்டும் வரிசையாக எழுதுகிறேன். அச்சகமா, மாணவரா, நண்பரா என்பதை அதில் தீர்த்துவைக்கப் போவதில்லை. மூன்று கதைகளும், அவற்றை யார் எப்போது சொன்னார் என்பதோடு இருக்கும்.

மருமகனையும் கூட்டாளியையும் தங்கள் வழக்கை இப்படியே எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன். சீனத் தளத்தில் அந்தக் கோப்பை அந்த இளைஞருக்கு முன்னரும் பலர் இறக்கியிருக்கலாம். வெளிவந்த விளையாட்டுத்தானே என்று விட்டிருப்பார்கள். சிறுவயதில் சஞ்சிகையில் பார்த்த ஒரு படத்தை மறக்காமலிருந்தவருக்கே அது இன்னதென்று தெரிந்தது. எங்கள் உறையையும் என்றோ ஒருநாள் அப்படி ஒருவர் திறப்பார். அவருக்காகக் குறிப்பில் ஒரு வரியை எழுதாமல் விட்டிருக்கிறேன். வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோனவர் என்று எழுதி, முன்னால் வெற்றிடம்.